கறைக்கு நேர் மேலே

காருக்கு அடியில் பாதி உடம்பும் வெளியே பாதி உடம்புமாகக் குப்புறக் கிடந்த கசிவு சார், "இது தண்ணி இல்லை" என்று அறிவித்தார்.

"அது எனக்கும் தெரியுது," என்றாள் மனைவி. "தண்ணி செவப்பா இருக்குமா? நேத்துப் போட்ட டைல்ஸுங்க இது!"

நேற்று என்பது கொஞ்சம் மிகை. போர்ட்டிகோவுக்கு டைல்ஸ் போட்டு ஒரு மாதம் ஆகிவிட்டது. ஆனால் பால் வெள்ளையில்தான் வேண்டும் என்று கடை கடையாக ஏறி இறங்கியவள் அவள். அந்த வெள்ளைக்கு நடுவே, உள்ளங்கை அகலத்துக்கு, பளபளவென்று ஒரு சிவப்புக் கறை.

கசிவு சார் சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்துக் கறையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். சாக்பீஸ் எப்போதும் அவரிடம் இருக்கும். குடிநீர் அலுவலகத்தில் கசிவுப் பிரிவுக்கு அவர்தான் கண்காணிப்பாளர். ஊரில் எந்தக் குழாய் ஒழுகினாலும் அவர் மேஜைக்குத்தான் புகார் வரும். அதனால் அவருடைய சொந்தப் பெயரை அலுவலகம் மறந்து, பிறகு தெரு மறந்து, இப்போது மனைவியே கோபம் வந்தால் "இந்தக் கசிவு சார்" என்றுதான் சொல்கிறாள்.

அவருக்குத் தொழிலில் ஒரே ஒரு விதி உண்டு. கறைக்கு நேர் மேலே பார். சுவரில் ஈரமா, நேர் மேலே பார். கூரையில் சொட்டா, நேர் மேலே பார். இத்தனை வருஷ சர்வீஸில் அந்த விதி அவரைக் கைவிட்டதே இல்லை. குழாய் வைத்த இடத்தில்தானே இருக்கும்!

நேர் மேலே பார்த்தார். கியர்பாக்ஸ் இருந்தது.

"ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்," என்றார் எழுந்து முழங்கையைத் தட்டியபடி. "செவப்பாத்தான் இருக்கும். சின்ன விஷயம்."

"சின்ன விஷயம்னா சரி. இந்த ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒழுகறது நிக்கணும். நிக்கலைன்னா பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டுடுவேன். அவர் ஏற்கெனவே ரெண்டு தடவை கேட்டுட்டுப் போயிட்டார்."

கசிவு சாரால் ஓட்ட முடிந்த ஒரே வண்டி அதுதான். கிளட்ச் உள்ள வண்டியில் கிளட்சை மிதித்தால் அவருக்கு பிரேக் மறந்துவிடும், இரண்டையும் மிதித்தால் எந்தத் தெருவில் இருக்கிறோம் என்பதே மறந்துவிடும். ஒவ்வொரு ஓட்டுநர் பள்ளியும் அவரைப் பணிவோடு அடுத்த பள்ளிக்கு அனுப்பிவைத்தது. கடைசியில்தான் கிளட்சே இல்லாத இந்தக் கார் கிடைத்தது. அவருக்குக் கல்யாணம் ஆன வருஷத்தில் செய்த வண்டி. கதவைச் சாத்தினால் வீடே அதிரும். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதன் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்காரும் ஒரு மணி நேரம்தான் வாரத்திலேயே அவரை யாரும் கசிவு சார் என்று கூப்பிடாத நேரம். மற்ற நாட்களில் அவர் ஆபீஸ் பஸ்ஸில் போவார். மனைவி கண் ஆஸ்பத்திரி வரவேற்பில் வேலை பார்க்கிறாள், அவளை ஆஸ்பத்திரி வேன் கூட்டிப் போகும். கார் வாரம் முழுக்க போர்ட்டிகோவில் சும்மா நிற்கும்.

வாசற்படியில் நாற்காலி போட்டு முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டிருந்த மாமியார் மெல்லக் கேட்டார். "ஏன் மாப்பிள்ளை, ஆயில் ஒழுகினா வண்டியை ஓட்டவே கூடாதோ?"

மாமியார் அந்தக் காரில் என்றைக்கும் பின் சீட்டுதான். ஏறியதிலிருந்து இறங்கும்வரை "மெதுவா, மெதுவா" என்பதைத் தவிர வேறு பேச்சு இருக்காது. அப்படிப்பட்டவர் கேட்டதால் இது கேலிதான் என்று கசிவு சார் முடிவு கட்டினார்.

"ஓட்டலாம் அத்தை. அதெல்லாம் சரி பண்ணிடுவேன்."

"சரியாகட்டும். அப்படியே என் சிநேகிதி வீட்டுக்கு ஒரு நடை..."

"அடுத்த வாரம் பார்க்கலாம் அத்தை," என்றார் அவர். அது அவர் போன மாதமும் சொன்ன பதில்.

*

அன்று சாயங்காலமே ஒரு டப்பா சிவப்பு ஆயில் வாங்கி வந்தார். அளவு பார்க்கும் கம்பியை உருவிப் பார்த்தார். ஒன்றும் புரியவில்லை. ஒழுகியது போக உள்ளே குறைந்துதானே இருக்கும் என்ற நியாயத்தில் டப்பாவை முழுசாகக் கவிழ்த்தார்.

மறுநாள் ஆபீஸிலிருந்து வந்து பார்த்தால், உள்ளங்கை அளவுக் கறை சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளர்ந்திருந்தது. அதுவும் நேற்றைய இடத்தில் இல்லை. டிரைவர் சீட்டுக்குக் கீழே இருந்தது.

மனைவி துணியையும் வாளியையும் கொண்டுவந்து வைத்தாள். அது பேசுவதைவிட மோசம்.

தெருமுனை மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். கியர்பாக்ஸ் என்றாலே அவரைத்தான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவர் வந்து கம்பியை உருவிப் பார்த்து, கசிவு சாரையும் ஒரு பார்வை பார்த்தார்.

"யார் சார் இவ்வளவு ஊத்தினது?"

"நான்தான். குறைஞ்சிருக்குமேன்னு..."

"இன்ஜின் ஓடும்போது, சூடா இருக்கும்போது பார்க்கணும் சார். ஆறின வண்டியில பார்த்து ஊத்தினா கழுத்து வரைக்கும் நிரம்பிடும். நிரம்பினா வழியாம என்ன செய்யும்?"

வழிந்தது சரி, ஆனால் டிரைவர் சீட்டுக்கு அடியில் ஏன் வழிந்தது? மெக்கானிக் படுத்து, டார்ச் அடித்து, வெகு நேரம் பார்த்தார். கியர்பாக்ஸ் முன்னால் இருந்தது. கறை பின்னால் இருந்தது. இரண்டுக்கும் நடுவே உலர்ந்த தகரம்.

"அடிப்பக்கமாவே ஓடி வந்து இங்க சொட்டியிருக்கும்," என்றார் மெக்கானிக், தனக்கே நம்பிக்கை இல்லாத குரலில். அதிகப்படி ஆயிலை இறக்கினார். அடித்தட்டைக் கழற்றிப் புது கேஸ்கட் போட்டார். "இன்ஜினை ஆன் பண்ணுங்க சார், ஒரு தடவை பார்த்துடலாம்."

கசிவு சார் உள்ளே உட்காரப் போனார். முழங்கால் நங்கென்று ஸ்டியரிங்கில் இடித்தது. வயிறும் இடித்தது. போன ஞாயிற்றுக்கிழமை தாராளமாக இருந்த இடம் இது.

"தொப்பை," என்றாள் மனைவி வாசலிலிருந்து. "நான் சொன்னா கேக்கறீங்களா?"

"பாவம், மாப்பிள்ளை இளைச்சுத்தான் போயிருக்கார்," என்றார் மாமியார் அவசரமாக.

கசிவு சார் நெகிழ்ந்துபோனார். இருந்தாலும் அன்று ராத்திரி பாதிச் சாப்பாட்டோடு எழுந்துவிட்டார். இன்ஜின் ஓடி நின்றதில் ஒரு சொட்டுகூட விழவில்லை என்பதில் அவருக்குப் பசியே தெரியவில்லை.

அடுத்த நாள் கறை டிக்கிக்குக் கீழே இருந்தது.

மெக்கானிக் வந்து பார்த்தார். டிக்கிக்கு நேர் மேலே ஸ்டெப்னி டயர் இருந்தது. அதை எடுத்துப் பார்த்தார். அமுக்கிப் பார்த்தார்.

"சார், டிக்கியில கியர்பாக்ஸ் கிடையாது சார்."

"தெரியும்."

"அப்புறம் எப்படி சார் இங்க ஒழுகும்?"

"அதைத்தானே உங்ககிட்ட கேக்கறேன்!"

"எங்க வண்டி எல்லாம் கியர்பாக்ஸ்லதான் சார் ஒழுகும்," என்றார் மெக்கானிக் வருத்தத்தோடு. பின்னால் இருந்த ஏதோ சில நட்டுகளை, அவை என்ன பாவம் செய்தன என்று தெரியாமலேயே, இறுக்கிவிட்டுப் போனார்.

அதற்கும் மறுநாள் கறை காருக்கு முன்னால் இருந்தது. முன்னால் என்றால் பம்பரையும் தாண்டி, காருக்கு வெளியே, சுவரோரமாக. கசிவு சார் சாக்பீஸால் வட்டம் போட்டார். பழக்க தோஷத்தில் நேர் மேலே பார்த்தார். போர்ட்டிகோவின் விளக்கு தெரிந்தது. நாற்காலி போட்டு ஏறி விளக்கையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"என்னங்க, வண்டி துப்புதா?" என்றாள் மனைவி. கேலியாகத்தான் கேட்டாள். ஆனால் அவருக்கும் அதைத் தவிர வேறு காரணம் தோன்றவில்லை.

*

ஆபீஸில் அவருக்கு வேலை ஓடவில்லை. யாரோ ஒருவர் தன் வீட்டுச் சுவர் ஈரமாக இருப்பதாகப் புகார் சொல்ல வந்தார். "நேர் மேல பாருங்க" என்று சொல்ல வாயெடுத்தவர் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். "எதுக்கும் பக்கத்து வீட்டுலயும் பாருங்க, எதிர் வீட்டுலயும் பாருங்க" என்று அனுப்பிவைத்தார். இத்தனை வருஷமாகப் பிடித்துத் தொங்கிய ஒரே விதியும் கையோடு வந்துவிட்டது போலிருந்தது.

ஆனாலும் அவர் விடவில்லை. எங்கே ஒழுகினாலும் பிடித்துவிடுவது என்று, காலையில் பஸ்ஸுக்குக் கிளம்புமுன் சமையலறைக்குள் புகுந்து பேசின், தாம்பாளம், கிண்ணம், பழைய டப்பா மூடி எல்லாவற்றையும் அள்ளிவந்து காருக்கு அடியில் முன்னிலிருந்து பின்வரை வரிசையாகப் பரப்பினார். மனைவி முன்பே வேனில் ஏறிப் போய்விட்டதால் தப்பித்தார். மாமியார் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் இப்படியேவா இருக்கணும் மாப்பிள்ளை?"

"ஆமாம் அத்தை. யாரும் தொடக் கூடாது."

"சாயங்காலம் வரைக்குமா?"

"சாயங்காலம் வரைக்கும்."

மாமியார் பெருமூச்சு விட்டார். பாவம், முட்டி வலியோடு இதையெல்லாம் தாண்டி நடக்கச் சிரமம்தான் என்று கசிவு சார் இரக்கப்பட்டார்.

சாயங்காலம் வந்து குனிந்தவர் குனிந்தபடியே நின்றுவிட்டார். பாத்திரங்கள் எல்லாம் இருந்தன. ஆனால் அவர் அடுக்கிய வரிசை இல்லை. சின்னதிலிருந்து பெரியதாக, அழகாக, பார்த்துப் பார்த்து அடுக்கியது போல இருந்தன. அதைவிட முக்கியம், மனைவியின் பெரிய பேசின் சப்பட்டையாக நசுங்கி, அதன் முதுகில் டயரின் கோடுகள் அச்சுப் பதித்தது மாதிரி தெரிந்தன.

"வண்டி தானா நகருது!" என்று கத்தினார்.

மெக்கானிக்குக்கு ஃபோன் பறந்தது. அவர் இப்போதெல்லாம் கூப்பிட்ட உடனே வருவதில்லை, ஒரு தடவை தண்ணீர் குடித்துவிட்டு வருகிறார். பேசினைப் பார்த்ததும் அவர் முகமும் நசுங்கியது.

"ஆயில் குறைஞ்சதுல பார்க்கிங் லாக்கும் போயிருக்கும் சார். லேசா உருண்டிருக்கு. கல்லு வைங்க."

"பெட்ரோல் முள்ளும் இறங்கியிருக்கு. ஞாயித்துக்கிழமை பாதி டேங்க் இருந்துச்சு."

"பெட்ரோலுமா?" மெக்கானிக் கையிலிருந்த துணியால் தன் நெற்றியையே துடைத்துக்கொண்டார். "பெட்ரோல் கறையே இல்லையே சார்."

"அது எங்க ஒழுகுதோ, யாருக்குத் தெரியும்?"

உண்மைதான். யாருக்கும் தெரியவில்லை. கசிவு சார் எதிர்வீட்டுத் தையல்காரரிடம் போனார். அவருடைய மிஷின் ஜன்னலோரம், தெருவைப் பார்த்து இருக்கிறது. காலையிலிருந்து இருட்டும்வரை இந்த வாசலைப் பார்த்தபடிதான் தைப்பார்.

"ஏங்க, பகல்ல யாராவது வெளியாள் எங்க வீட்டுக்குள்ள நுழையறாங்களா? காரைத் தொட்டாங்களா?"

தையல்காரர் வாயிலிருந்த ஊசியை எடுத்துவிட்டு யோசித்தார். நேர்மையான மனிதர். "வெளியாள் ஒருத்தர்கூட உள்ள வரலை சார். நான் சொல்றேன், நம்புங்க."

கசிவு சார் நம்பினார். அதனால் இன்னும் குழம்பினார்.

சக்கரங்களுக்குக் கல் வைத்தார். மறுநாள் கற்கள் சக்கரங்களுக்கு அடியில்தான் இருந்தன. ஆனால் முன் சக்கரத்துக்கு வைத்த கல் பின் சக்கரத்தில் இருந்தது, பின் சக்கரத்துக்கு வைத்தது முன் சக்கரத்தில் இருந்தது. கறையோ கேட்டுக்கு அருகில் ஒன்று, நடுவில் ஒன்று, டயருக்குப் பக்கத்தில் கோணலாக ஒன்று, சுவரோரம் ஒன்று என்று போர்ட்டிகோ முழுக்கப் பரவியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் வட்டம் போட்டதில் சாக்பீஸ் தீர்ந்துவிட்டது.

மெக்கானிக் அத்தனை வட்டங்களையும் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்து சொல்வாரே, அந்தக் குரலில் சொன்னார்.

"சார், ஒரு இடத்துல ஒழுகினா கியர் ஆயில் ரேடியேட்டருக்குப் போற ஹோஸ்ல ஒரு கிளிப்பை இறுக்கிட்டு டீ குடிக்கப் போயிடுவேன். இது உள்ள இருக்கற இடம் எல்லாம் ஒழுகுது, இல்லாத இடமும் ஒழுகுது. கியர்பாக்ஸ் மொத்தமா போச்சு. மாத்த வேற கிடைக்காது. விட்டுடுங்க."

"வேற வழியே இல்லையா?"

"என் சர்வீஸ்ல இப்படி ஒரு வண்டியைப் பார்த்ததே இல்ல சார். கும்புடறேன்," என்று நிஜமாகவே காரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மனைவி நசுங்கிய பேசினைக் கையில் எடுத்துக்கொண்டாள். "நாளைக்கு ஞாயித்துக்கிழமை," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

*

பழைய இரும்புக்காரர் லாரியோடு காலையிலேயே வந்துவிட்டார். காரைச் சுற்றி வந்து டயரை ஒரு உதை உதைத்தார். லாரியிலிருந்து சங்கிலியை இழுத்து முன்பக்கம் கொக்கியை மாட்டினார்.

கசிவு சார் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அழுகை வந்துவிடும் போலிருந்தது. இனி ஞாயிற்றுக்கிழமையிலும் ஆபீஸ் பஸ் விடுவார்களா என்று ஒரு பைத்தியக்கார எண்ணம் வந்து போனது. ஊரில் உள்ள அத்தனை ஓட்டைகளையும் கண்டுபிடித்தவன் தன் வீட்டு வாசலில் தோற்றுவிட்டான்.

"ஏத்தலாமா?" என்றார் இரும்புக்காரர்.

"ஏத்துங்க," என்றாள் மனைவி.

"ஏத்தாதே!"

எல்லோரும் திரும்பினார்கள். மாமியார் படியில் நின்றுகொண்டிருந்தார். கைப்பை தோளில் இருந்தது. காலில் புது கான்வாஸ் ஷூ. முட்டி வலிக்காரர் மூன்று படியையும் ஒரே மூச்சில் இறங்கி வந்து, பின் கதவைத் திறந்து, வழக்கமான தன் சீட்டில் போய் உட்கார்ந்து கதவைச் சாத்தினார். வீடு அதிர்ந்தது.

"அம்மா! என்ன இது? இறங்கு!" என்றாள் மனைவி.

"இறங்க மாட்டேன். என்னையும் சேர்த்து எடை போட்டு எடுத்துக்கிட்டுப் போகட்டும்."

இரும்புக்காரர் யோசனையோடு அவரைப் பார்த்தார். "அம்மா, எங்களுக்கு இரும்பு மட்டும்தான்."

"நீதானேம்மா இந்தத் தகரத்தைப் பார்த்தாலே மெதுவா மெதுவான்னு பயந்து சாவே?" என்றாள் மகள்.

"அது மாப்பிள்ளை ஓட்டறப்போ!"

கசிவு சாருக்கு அந்தப் பதிலின் பொருள் விளங்கவில்லை. அவர் கண்கள் நிறைந்துவிட்டன. கல்யாணம் ஆன நாளிலிருந்து மாமியார் அவர் பக்கம் இவ்வளவு உறுதியாக நின்றது இதுதான் முதல் தடவை. பின் கதவு ஜன்னலருகே போய்க் குனிந்தார்.

"அத்தை, நீங்க எனக்காகப் பேசறதே பெரிய விஷயம். இந்த ஜென்மத்துக்கு மறக்க மாட்டேன். ஆனா வண்டி முடிஞ்சு போச்சு அத்தை. முன்னால ஒழுகுது, பின்னால ஒழுகுது, வெளியகூட ஒழுகுது. ஏன்னு எனக்கே தெரியலை. மெக்கானிக்குக்கும் தெரியலை."

மாமியார் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மகளைப் பார்த்தார். மூடிக்கொண்டார். கைப்பையை மட்டும் மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டுத் தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு தெருவைக் கடந்து ஓடி வந்தார். லாரியைப் பார்த்தார், கொக்கியைப் பார்த்தார், பின் சீட்டைப் பார்த்தார். அவர் முகம் தொங்கிப்போயிற்று.

"என்ன சார் இது, வண்டியையா கொடுக்கறீங்க? அம்மா எவ்வளவு ஆசையா ஓட்டறாங்க! தினமும் சிநேகிதி வீட்டுக்குப் போயிட்டு ஒரு கீறல் இல்லாம வந்துடறாங்களே. வந்து உள்ள நிறுத்தறதுதான் கொஞ்சம் தகராறு. நானும் ஜன்னல்லேருந்து முன்னால, பின்னால, முன்னாலன்னு கத்திக்கிட்டுதான் இருக்கேன். ஒரு இடத்துல நிறுத்தறதுக்குள்ள ஒன்பது இடத்துல நிறுத்திடறாங்க!"